தவிட்டாயி வந்த லொறி

ஒரு கொத்துத் தவிடு. அதுதான் விலை. வாங்கியவள் பக்கத்துக் காம்பராக்காரி அம்மாக்கண்ணு, விற்றவள் வீரம்மா, சரக்கு வீரம்மாவின் மகள் நாகலெட்சுமி பெற்ற மூன்று நாள் பெண்பிள்ளை. பிள்ளை பதினைந்து மைல்கட்டைக்கு அப்பால் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கிடந்தது. வியாபாரம் பட்டிப்பொலைக்கு மேலே, மொட்டைக்கல் தோட்டத்தில், ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்து வாசலில், சரக்கைக் கண்ணால் பார்க்காமலே நடந்தது.

"முழுக் கொத்தா?" என்று அம்மாக்கண்ணு இழுத்தாள். "என் மாட்டு வாயிலேர்ந்து புடுங்கித்தான் தரணும். அரைக் கொத்துன்னா பேசு."

"அரைக் கொத்துக்கு ஒரு கோழிக்குஞ்சு வராதுடி."

"கோழிக்குஞ்சு நாளைக்கு முட்டை போடும். இது என்னாத்தப் போடப் போவுது? மூத்திரம்."

மட்டமாகப் பேசுவதுதான் முறை. நாகலெட்சுமிக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. தங்காத வீட்டுப் பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட்டால், தேடி வருகிற எமன் விலாசம் பிழை என்று திரும்பிவிடுவான். கடன்காரனுக்குப் பயந்து கடையை மச்சான் பேரில் எழுதி வைக்கிற வியாபாரி செய்வதும் இதைத்தான். முப்பதாம் நாள் பேர் வைக்கும்போது அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை மீட்டுக்கொள்ளலாம். அதுவரைக்கும் அவள் பேர் தவிட்டாயி.

நாகலெட்சுமியின் அப்பா தங்கவேலு இந்தப் பேரத்தை அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் இரண்டும் இதே காம்பராவில், இதே தை மாசத்துக் குளிரில் பிறந்தவை. ஒன்று நாலாம் நாள், ஒன்று ஆறாம் நாள். இரண்டையும் கழுவித் துணியில் சுற்றியது அவர் கைதான். உதடு நாவல் பழம் தின்ற மாதிரி நீலம் பாரித்திருந்தது. விரல் நகமெல்லாம் நீலம். அந்த நிறத்தை அவர் மறக்கவில்லை. மூன்றாவதை எமனிடமிருந்து அம்மாக்கண்ணு தவிட்டால் காப்பாற்றட்டும், குளிரிடமிருந்து நான் காப்பாற்றுகிறேன் என்று மனதுக்குள் வேலையைப் பிரித்துக்கொண்டார்.

அவருக்கு அது தெரிந்த வேலை. நுவரெலியாக் கடைத்தெருவில் தங்கவேலு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஈட்டர் பாஸ், அதாவது சூட்டுப் பெட்டி மேஸ்திரி, என்று கேட்க வேண்டும். சண்டை முடிந்து வெள்ளைக்காரப் பட்டாளம் விட்டுப்போன லொறிகளை ஏலம் போட்ட காலத்தில், பெரியதம்பி முதலாளி கருவாட்டு வியாபாரத்திலிருந்து லொறிக்குத் தாவினார். லொறிகளோடு கொசுறாகச் சில மரப்பெட்டிகளும் அவர் தலையில் விழுந்தன. உடைத்துப் பார்த்தால் பிஸ்கட் தகரம் அளவில் இரும்புச் சாமான்கள், பெட்ரோல் எரித்து வண்டிக்குள் சூடு ஊதுகிறவை. பனி கொட்டுகிற ஏதோ தேசத்துக்குப் போக வேண்டியவை, ஒரு கிளாக்கரின் தூக்கக் கலக்கத்தில் தென்னை விளைகிற நாட்டில் வந்து இறங்கியிருந்தன. ஏலத்தில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரியதம்பி மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்கிறவன் கொழும்புக்காரன்" என்றார். "பட்டிப்பொலயில காலங்காத்தால முட்டக்கோவா ஏத்திக்கிட்டு ஸ்டேரிங் புடிச்சுப் பாத்திருக்கானா?"

பிடித்துப் பார்த்தவர்கள் வாங்கினார்கள். பட்டாளத்து லொறி வைத்திருந்த மரக்கறிக்காரர்கள், தோட்டத்து லொறிக்காரர்கள், ஒரு பாண் பேக்கரிக்காரர். குளிருக்குச் சாராயம் குடிக்கிற டிரைவருக்கு நாலு போத்தல் விலையில் ஒரு வருசத்துச் சூடு என்று முதலாளி பேச, பொருத்துகிற வேலை தங்கவேலுவுக்கு வந்தது. பழைய மேசனின் மகனான அவர் எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. முதல் பெட்டியை மூன்று தரம் பிரித்து மூன்று தரம் பூட்டினார், பிடிபட்டுவிட்டது.

"உள்ள இருக்கிற அறையில நெருப்பு. அறைக்கு வெளிய காத்தாடி ஊதுற காத்து. நெருப்போட பொகை குழாய் வழியா ரோட்டுக்குப் போயிரணும், சூடான காத்து மட்டும் நம்மகிட்ட வரணும்" என்று கேட்கிறவர்களுக்குச் சொல்லுவார். "பொகையும் காத்தும் மாமியாரும் மருமகனும் மாதிரி. ஒரே வீட்டுல இருக்கலாம், ஒன்ன ஒன்னு நேருக்கு நேர் பாத்துக்கக் கூடாது."

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புகிற நாளுக்கு முதல் நாள், முதலாளியின் கொட்டகையில் அவர் ஒரு லொறியின் சூட்டுப் பெட்டியைப் பிரித்துக் கழுவினார். லொறியை ஒரு நாளைக்கு முதலாளி இனாமாகத் தந்திருந்தார், பெட்ரோல் மட்டும் உன்னுடையது என்று சொல்லி. லொறியை ஓட்டுகிறவன் நாகலெட்சுமியின் புருசன் அழகுமுத்து. மற்ற லொறிகளில் பெட்டி முன்னால், டிரைவர் காலடியில் இருக்கும். இதில் அதைக் கழற்றிப் பின்னால், கோவா மூட்டை அடுக்குகிற பலகைத் தட்டில் பூட்டினார்கள்.

"பொம்பளைங்கள முன்னால ஏத்திக்கிட்டா என்னா மாமா? இந்த வேலையே இல்ல."

"முன்னால கதவு இடுக்குல காத்து அடிக்கும். பச்ச ஒடம்பு மாப்ள. பின்னால தார்ப்பாயக் கட்டிட்டா காம்பராவுக்குள்ள இருக்கிற மாதிரி."

"கோவாவுக்குக் கூட நான் இம்புட்டுப் பாத்ததில்ல."

"கோவா கெட்டா மொதலாளி ஏசுவாரு. இது கெட்டா என் பொஞ்சாதி ஏசுவா. எது பயம்னு நீயே சொல்லு."

அழகுமுத்து சிரித்தான். தங்கவேலு புகைக்குழாயின் வாயைக் கட்டையால் அடைத்தார், மறுவாயில் சைக்கிள் பம்பைச் சொருகி அவனை அடிக்கச் சொன்னார். சவுக்காரத் தண்ணியைக் கோழி இறகால் தொட்டு அறையின் ஒவ்வொரு ஒட்டுத் தையலிலும் பூசினார். ஓட்டை இருந்தால் குமிழி கிளம்பும். கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பூசியது பூசியபடி இருந்தது, ஒரு குமிழி இல்லை. நம்பாமல் இன்னொரு தரம் அடிக்கச் சொன்னார். இத்தனை வருசமாக எல்லாப் பெட்டியையும் இப்படித்தான் பார்த்துப் பூட்டியிருந்தார், பச்சைத் தண்ணி மாதிரிக் குளிர்ந்து கிடக்கும்போது.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் நாகலெட்சுமி வந்து நின்றாள். தலைக்குத் துண்டு, காதுக்குப் பஞ்சு, காலுக்கு அழகுமுத்துவின் பட்டாளத்துச் சப்பாத்துச் சோடி. கையில் தவிட்டாயி, ஒரு பொட்டலம் தேயிலை அளவுக்கு. வீரம்மா முதலிலேயே லொறிக்குள் ஏறி வேலையை ஆரம்பித்திருந்தாள். லொறியில் நேற்றைய லீக்ஸ் நாற்றம், பழைய எண்ணெய் நாற்றம். பிறந்த பிள்ளை மூச்சில் அது ஏறக்கூடாது. பேணியில் கொண்டுவந்த நெருப்புக் கங்கில் சாம்பிராணியைத் தூவி, மூலை மூலையாகக் காட்டி, கம்பளிக்கும் காட்டி, தார்ப்பாயை இறக்கிக் கட்டினாள். பிள்ளை குளித்தாலும் சாம்பிராணி, வீடு மாறினாலும் சாம்பிராணி. அது இல்லாமல் எந்தப் பாட்டியும் பேத்தியைத் தொடமாட்டாள்.

தங்கவேலு தேயிலைப் பெட்டி ஒன்றுக்குள் கம்பளி விரித்துக் கொண்டுவந்திருந்தார். அதைச் சூடு வருகிற வாய்க்கு முன்னால் வைத்தார். "புள்ளைய இதுல போடு தாயி. இங்கதான் நல்ல சூடு. நீ இந்தப் பக்கமா சாஞ்சுக்க." பிறகு வீரம்மாவிடம் சூட்டுப் பெட்டியை அணைக்கிற குமிழைக் காட்டினார். "எரிஞ்ச பொகை மணம் வந்தா இத மூடிரு, பலகையத் தட்டு. நாங்க நிறுத்திருவோம். வெளங்குதா?"

"வெளங்குது. நீங்க முன்னால போயி ஏறுங்க. வெளக்கம் குடுத்தே புள்ளைக்கு வயசு வந்துரும்."

ஹக்கல தாண்டும் வரை வெயில் இருந்தது. அம்பேவெலை ஏற்றத்தில் மேகம் ரோட்டுக்கே இறங்கிவிட்டது. லொறி முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. தங்கவேலு முதுகுப்பக்கத்துப் பலகையைத் தட்டினார்.

"சூடு போதுமா?"

"போதும்ப்பா" என்று நாகலெட்சுமி கத்தினாள். "சித்திரப் புழுக்கம் மாதிரி இருக்கு. இவ ஒறங்குறா."

தங்கவேலு மருமகனைப் பார்த்தார். ஏலத்தில் சிரித்த அத்தனை பேரும் இப்போது இங்கே இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. வெற்றிலையை மடித்து அழகுமுத்து வாயிலும் ஒன்றைத் திணித்தார்.

அதற்கப்புறம் நாகலெட்சுமிக்குத் தலை விண்ணென்று தெறித்திருக்கிறது. கொண்டை ஊசி வளைவு பித்தத்தைக் கிளப்புகிறது என்று வீரம்மா சொன்னாள். அவளுக்கும் கிறுகிறுப்புதான். நாகலெட்சுமி குமட்டலை அடக்கமாட்டாமல் லொறியின் பின்கடைசிக்கு நகர்ந்து, தார்ப்பாயின் ஒரு முனையை அவிழ்த்து வெளியே தலையை நீட்டி வாந்தியெடுத்தாள். குளிர்காற்று சர்ரென்று உள்ளே அடித்தது. "மூடுடி, பச்ச ஒடம்பு" என்று வீரம்மா ஏசினாள். ஆனால் இன்னொரு தரம் குமட்ட, இன்னொரு தரம் திறந்தாள். பிறகு தாயும் மகளும் அந்த முனையோரத்திலேயே சாய்ந்துவிட்டார்கள். பிள்ளையை மட்டும் சூட்டிலேயே விட்டிருந்தார்கள்.

லயத்து வாசலில் லொறி நின்றபோது மணி மூன்று. அம்மாக்கண்ணு ஆரத்தித் தட்டோடு நின்றாள்.

"எங்கடி என் சரக்கு? தவுடு குடுத்திருக்கேன், நெறை பாத்துத்தான் எடுப்பேன்" என்றபடி தேயிலைப் பெட்டிக்குள் கையை விட்டுத் தூக்கினாள். கம்பளியை விலக்கினாள். "அடியே, கன்னத்தப் பாரு. ரோசாப்பூவா மலந்துல்ல இருக்கா. ஆஸ்பத்திரிச் சோறு தாய்க்கா புள்ளைக்கா."

எட்டிப் பார்த்த பெண்கள் நெட்டி முறித்தார்கள். அம்மாக்கண்ணு கன்னத்தில் விரலை வைத்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். இன்னொரு தரம் சுண்டினாள். பிள்ளை அசையவில்லை. பிள்ளையை வீரம்மாவிடமும் கொடுக்காமல் தாயிடமும் கொடுக்காமல், வாங்கியவள் என்ற உரிமையில், தன் மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா வந்து பார்த்துவிட்டுக் குளிர் என்றார். லயமும் குளிர் என்றது. இந்தக் காம்பராவுக்குக் குளிர் ஏற்கெனவே இரண்டு தரம் வந்து வழி பழகியது. அன்றைக்கு அந்தியில் மேட்டு மலையில், இரண்டு சின்ன மேடுகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதை வெட்டினார்கள். கழுவிச் சுற்றியது தங்கவேலுதான். உதட்டைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். நீலம் எங்கேயும் இல்லை. பழுத்த சிவப்பு, உயிருள்ள பிள்ளைகளிடம் கூட இல்லாத சிவப்பு. மூன்று வருசத்துக்கு முன்னால் பேக்கரிக்காரரின் டிரைவர் லொறிக்குள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது அவன் முகமும் இப்படிச் சிவந்து கிடந்தது. வெளியே இழுத்துப் போட்டதும் எழுந்துவிட்டான். சாராயம் என்று எல்லாரும் சிரித்தார்கள். தங்கவேலுவும் சேர்ந்து சிரித்திருந்தார்.

நாகலெட்சுமி அழவில்லை. வீரம்மா பூண்டும் கருவாடும் போட்டுக் காரமாகக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். தட்டு வைத்தபடி இருந்தது. பால் கட்டி நெஞ்சு கல்லாகி, மல்லிகைப் பூவை அரைத்துப் பற்றுப் போட்டார்கள். எட்டாம் நாள்தான் வாயைத் திறந்தாள்.

"நான்தாம்மா கொன்னேன்."

"என்னாடி பேசுற?"

"தார்ப்பாயத் தூக்கினேன்ல. ரெண்டு தரம். காத்து எம்மேலயும் பட்டு அவமேலயும் பட்டுச்சு. நீ மூடு மூடுன்னு சொன்ன. வாந்திய மடியிலயே எடுத்திருந்தா என்னா கெட்டுப் போயிருக்கும்?"

வீரம்மா இல்லையென்று சொல்லவில்லை. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அழகுமுத்து எழுந்து வெளியே போனான். அவனும் அதையே நினைத்திருக்க வேண்டும். தங்கவேலு குனிந்தபடி இருந்தார். அவர் ஒரு வாரமாக லொறிப் பக்கமே போகவில்லை. போனால் தெரிந்துவிடும். தெரியாதவரைக்கும் குளிர்தான்.

மறுநாள் காலையில் போனார். பெட்டியைக் கழற்றினார். முதலில் வழக்கம்போலப் பம்பு அடித்துச் சவுக்காரத் தண்ணி பூசினார். குமிழி இல்லை. உட்கார்ந்து யோசித்தார். பிறகு கொல்லன் உலைக்குக் கொண்டுபோய், அறையை எரிகிற சூட்டுக்கு வாட்டினார். இரும்பு சூட்டில் விரியும் என்பது கொல்லன் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். சூட்டில் சவுக்காரத் தண்ணி நிற்காது, அதனால் குழாயின் வாயை அடைத்துவிட்டு, பீடியை இழுத்து மறுவாயில் ஊதினார். அடித் தையலில், தலைமயிர் அளவு வெடிப்பில், நூல் மாதிரிப் புகை கிளம்பியது. ஆறவிட்டார். வெடிப்பு மூடிக்கொண்டது. மறுபடி வாட்டினார். திறந்துகொண்டது.

கொல்லன் கேட்டான்: "என்னா பாஸ், ஓட்டையா? பித்தளை வச்சு ஊதிரவா?"

"வேணாம்" என்றார்.

காம்பராவுக்கு வந்து மகள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெட்டியை நடுவில் வைத்தார்.

"தாயி, இது ஓட்ட. சூடானா தொறக்குது, ஆறினா மூடுது. நான் ஆறினப்பத்தான் பாத்தேன். பொகை உள்ள வந்திருக்கு. ஒனக்குத் தல வலிச்சதும் அதுதான். வாந்தி வந்ததும் அதுதான். குளிர் இல்ல. நீ தார்ப்பாயத் தூக்கினதால இல்ல. தூக்கலேன்னா ஒன்னையும் அங்கதான் பொதைச்சிருப்போம். நான் பூட்டினது கொன்னுருச்சு."

வீரம்மாவின் கை மெல்ல வாய்க்குப் போனது.

"மணம் வந்தா மூடச் சொன்னீங்களே" என்றாள். "நான் சாம்பிராணி..."

"மணக்காது" என்றார் தங்கவேலு. "அந்தப் பொகைக்கு மணமே கெடையாது. சாம்பிராணி போட்டாலும் ஒன்னுதான், போடலேன்னாலும் ஒன்னுதான்."

அவருக்குத் தெரிந்தவரை அது பொய். வியாபாரத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்வதைக் கேட்டவர், தன் வாயால் முழுசாகச் சொன்ன பொய் அது ஒன்றுதான். கொல்லுகிற வாயுவுக்கு மணமில்லை, கூட வருகிற புகைக்குத்தான் மணம் என்று படித்தவர்கள் சொல்லுகிறபடி அதில் பாதி உண்மை என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

நாகலெட்சுமி பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் ஒரு பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் வந்தார். இறங்கவில்லை.

"அப்ப அவளத் தூக்கி இந்தப் பக்கம் மடியில வச்சிருந்தா" என்றாள், "இருந்திருப்பா."

தங்கவேலு பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இந்த மாதிரி எத்தன லொறியில பூட்டியிருக்கீங்க?"

"கணக்குப் பாக்கணும்."

"பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெரியதம்பி முதலாளி கல்லாவில் உட்கார்ந்து, பேரேட்டுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் ஓட்டையா?"

"தெரியாது மொதலாளி. எல்லாத்தயும் ஆறினப்பத்தான் பாத்திருக்கேன்."

"அப்ப நல்லதும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"தங்கவேலு, நான் ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. குளிருன்னு டிஸ்பென்சரே எழுதிட்டாரு. போன உசுரு திரும்பாது. நீ கெளறினா கடை பேரு போவும். ஒவ்வொருத்தனும் காசத் திருப்பிக் கேப்பான்."

"கேட்டா என் சம்பளத்துல புடிச்சுக்கங்க."

"ஒன் சம்பளத்துல புடிச்சா நீ நூறு வயசு வரைக்கும் எனக்கு வேல செய்யணும்."

"செய்யிறேன்."

முதலாளி மூக்குப்பொடியை எடுத்தார், போடாமல் டப்பியை மூடினார். வாங்கவும் விற்கவும் தெரிந்த மனிதர். எதிரில் இருக்கிறவன் பேரத்துக்கு வரவில்லை என்பது அவருக்கு விளங்க இவ்வளவு நேரம் ஆனது. "அந்தப் புள்ளைக்கு என்னா பேரு வச்சீங்க?" என்று கேட்டார்.

"வைக்கல. தவிட்டாயின்னு கூப்புட்டோம்."

முதலாளி பேரேட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். "எழுதிக்க. மொதல்ல நம்ம வேனுல இருக்கிறதக் கழட்டு. எம் பேரப் புள்ளைங்க அதுலதான் பள்ளிக்கூடம் போவுது."

அன்றிலிருந்து தங்கவேலு பூட்டிய கையாலேயே கழற்றப் போனார். சிலர் ஏசினார்கள். சிலர் சிரித்தார்கள்: "விக்கிறப்ப ஒரு பேச்சு, கழட்டுறப்ப ஒரு பேச்சா பாஸ்? புது மாடல் வந்திருக்கா?" ஒரு மரக்கறிக்காரர் கழற்ற விடமாட்டேன் என்று சாவியை மடியில் கட்டிக்கொண்டார். தங்கவேலு அவர் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் அந்த வீட்டு அம்மா உள்ளேயிருந்து வந்து, என்ன சொன்னாளோ, சாவி வந்தது. பேக்கரிக்காரரின் டிரைவரிடம் மட்டும் தங்கவேலு நின்று பேசினார். "அன்னைக்கு நீ குடிக்கல, இல்லயா?" என்றார். "நான் குடிக்கிறதே இல்ல பாஸ், சொன்னா யாரு கேட்டீங்க?" என்றான் அவன்.

கழற்றிய ஒவ்வொன்றையும் உலையில் வாட்டிப் பீடிப் புகை ஊதிப் பார்த்தார். பாதிக்கு மேல் நல்லது. நல்லதையும் சம்மட்டியால் நசுக்கினார்.

மகள் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போனாள், கூடையைக் கட்டினாள், கொழுந்து எடுத்தாள், மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் ஏச்சு வாங்கினாள், வந்து ரொட்டி தட்டினாள். அவர் அந்தியில் காம்பராவுக்குள் நுழையும்போது மட்டும், முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை கேட்பாள்.

"இன்னும் எத்தன?"

அவர் எண்ணிக்கையைச் சொல்வார். அவள் தேத்தண்ணியையும் கட்டச் சம்பல் வைத்த ரொட்டியையும் தள்ளுவாள். அப்பனுக்கும் மகளுக்கும் அவ்வளவுதான் பேச்சு. எண்ணிக்கை குறையக் குறைய அவருக்குப் பயமாக இருந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்கிற நாளில் அவள் என்ன கேட்பாள்?

அந்த நாள் வரவில்லை. வலப்பனைப் பக்கம் விற்ற லொறி ஒன்று இரண்டு கை மாறியிருந்தது. சந்தையில் விசாரித்தார், சிங்களத்தில் தட்டுத் தடுமாறிக் கேட்டார். முதல் கை செத்துப் போயிருந்தார். இரண்டாவது கை லொறியை யாரிடமோ கொடுத்து மாடு வாங்கியிருந்தார். "பச்சை நிற லொறிங்களா பாஸ்? இப்ப எல்லாம் பெயின்ட் அடிச்சிருப்பாங்க" என்றார்கள். மாசம் ஒருதரம் சம்பள நாளுக்கு மறுநாள் வலப்பனைக்குப் போனார். ரோட்டோரத்தில் நின்று பட்டாளத்து லொறி எது வந்தாலும் கையைக் காட்டி நிறுத்தி, டிரைவர் காலடியில் குனிந்து பார்த்தார். பைத்தியம் என்று சிலர் காசு போட்டார்கள்.

அடுத்த தை மாசம் பனி விழுந்து, மேட்டு மலையில் புல் வெள்ளையாகக் கருகிய ஓர் அந்தியில் அவர் வலப்பனையிலிருந்து திரும்பினார். நாகலெட்சுமி அடுப்படியில் இருந்தாள். ஆறு மாசமாக ஒரே பதில்தான். ஆனாலும் கேட்டாள்.

"இன்னும் எத்தன?"

"ஒன்னு."

அவள் ரொட்டியைத் தள்ளினாள். அவர் மடியிலிருந்து, மடித்து மடித்து நைந்துபோன தாளை எடுத்து, அடுப்பு வெளிச்சத்தில் பிரித்தார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி, வரிக்குப் பக்கத்தில் கழற்றிய தேதி. ஒரே ஒரு வரிக்குப் பக்கத்தில் எழுத எதுவும் இல்லை. அடியில் பென்சிலால் கூட்டி வைத்திருந்தார்: பூட்டினது பத்தொன்பது. கழற்றினது பதினெட்டு. நிலுவை ஒன்று.